ரெண்டையும் எழுதுங்க

அவள் தின்றே செத்தாள் என்கிறார்கள். போன மாதம் சர்க்கரை ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அதைச் சொன்னாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்குச் சட்டென்று பேச்சு வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "அவ தின்னதைச் சொல்லுதீக, குடிச்ச கூழைச் சொல்லலையே" என்று மட்டும் கேட்டேன். திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. வராமல் போன மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். என் வலது கண் இன்றைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கிறதென்றால் அதில் பாதி கண் டாக்டருடையது, பாதி அவளுடையது.

பெயர் எழுதவில்லை. எழுதினால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். அவள் மகளுக்குத்தான் பிடிக்காது.

எங்கள் ஆஸ்பத்திரி துறைமுகத்துக்குப் போகிற ரோட்டின் மேல் இருக்கிறது. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் பெஞ்சு அதிரும். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை சர்க்கரைக்காரர்களுக்கு. வெறும் வயிற்றோடு ஏழு மணிக்குள் போய் உட்கார வேண்டும். விரலில் குத்தி அளவு பார்த்து, சிஸ்டர் நம் நோட்டில் எழுதுவார். நோட்டில் மூன்று கட்டம். தேதி ஒன்று, அளவு ஒன்று, மூன்றாவது 'என்ன சாப்பிட்டார்'. அந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான் டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். எங்களுக்கு ஊசியில் பயமில்லை. அந்தக் கட்டத்தில்தான் பயம்.

அளவு முன்னூறைத் தாண்டினவள்கூட "கோதுமைக் கஞ்சி சிஸ்டர்" என்பாள். இன்னொருத்தி "ரெண்டு இட்லிக்கு மேல தொடலை, அதுவா ஏறுது" என்பாள். நானும் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்பேன். வேறு சொல்லத் தெரியாது.

அவளை முதலில் பார்த்த அன்றைக்கு அவள் எனக்கு முந்தின ஆள். அகலமான உடம்பு. வலது கை மட்டும் இடது கையைவிடப் பருத்திருந்தது. கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு. சிஸ்டர் அளவைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன ஆச்சி இது, போன மாசம் நல்லாத்தான இருந்துச்சி? என்ன சாப்பிட்டீங்க?"

"சனிக்கிழமை சாயந்தரம் பொரிச்ச பரோட்டா நாலு. சால்னா ரெண்டு தடவை ஊத்தச் சொன்னேன். ஒரு ஆம்லெட். வீட்டுக்கு வந்து ரெண்டு பழம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"இப்படித் தின்னா நான் என்னத்த எழுத?"

"தின்னதை எழுதுங்க. அதுக்குக் கீழ இதையும் எழுதுங்க. ஞாயித்துக்கிழமை காலம்பற கேப்பைக்கூழு, சின்ன வெங்காயம். மத்தியானம் ஒரு அகப்பை சோறு, சாளைக் குழம்பு, முருங்கைக்கீரை. ராத்திரிக்குத் திரும்பவும் கூழு. நேத்தும் அதே. ரெண்டையும் எழுதுங்க."

"அவ்வளவுக்கு இதுல இடம் எங்க இருக்கு?"

"நுணுக்கி எழுதுங்க."

சிஸ்டர் எழுதினாரா என்று தெரியவில்லை. எழுதுகிற மாதிரிதான் கை அசைந்தது.

இவ்வளவுதான் அவள். எத்தனை கதை சொன்னாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும். தின்றாள் என்றால் தின்றேன் என்பாள், தலை குனிய மாட்டாள். அடுத்த வேளை அடுப்பில் கூழ்ப் பானையை ஏற்றிவிடுவாள். நேற்றுத் தின்றதற்கு இன்றைக்குப் பட்டினி கிடக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. திங்கட்கிழமை வரட்டும், ஒன்றாம் தேதி வரட்டும், ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வரட்டும், அப்போது ஆரம்பிக்கிறேன் என்று நாள் பார்க்கிற வழக்கமும் இல்லை. அடுத்த வேளை என்பதற்கு மேல் அவள் எதையும் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் வரிசையில் அவளே சொன்னாள். பதினாறு வயதிலிருந்து மக்ரூன் போடுகிற பேக்கரியில் வேலை பார்த்தவள் அவள். முட்டையை உடைத்து மஞ்சளைத் தனியே எடுத்து வெள்ளையை மட்டும் சட்டியில் விட்டு அடிக்கிற வேலை. மிஷின் வருவதற்கு முன்னால் கையால்தான் அடித்தார்களாம். வலது கை அப்படிப் பருத்தது அதனால்தான். வெள்ளைக்கருவில் ஒரு பொட்டு மஞ்சள் விழுந்தால் போதும், எவ்வளவு அடித்தாலும் நுரை எழும்பாது.

"புதுசா வார பிள்ளைகளுக்கு மஞ்சள் விழுந்துரும். விழத்தான் செய்யும். உடனே என்ன செய்யும், மேஸ்திரி பாத்துருவாருன்னு விரலால வழிச்சிப் போட்டுட்டு அடிச்சிக்கிட்டே இருக்கும். கை ஓஞ்சி போகும், நுரை வராது. சீனியைப் போட்டா வந்துரும்னு சீனியைக் கொட்டும். முந்திரியையும் கொட்டும். கடைசில எல்லாம் போச்சி. நான் என்ன செய்வேன் தெரியுமா, விழுந்த உடனே சொல்லிருவேன். அண்ணாச்சி, மஞ்சள் விழுந்துட்டு. அவரு ஒரு ஏச்சு ஏசுவாரு. அந்தச் சட்டியைக் கேக்குக்குத் தள்ளிருவோம். வெந்நி ஊத்திக் கழுவி, துணியால தொடச்சி, அடுத்த சட்டி. அவ்வளவுதான். ஒரு சட்டி கெட்டதுக்குக் கடையையா பூட்டுவாக?"

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "அப்ப அந்த மக்ரூனைத் தின்னுதான் உனக்குச் சர்க்கரையா?"

"நான் அதைத் தொடமாட்டேன். நாள் முழுக்க மூக்குக்குள்ள அதுதான். பரோட்டான்னு சொல்லு, உசிரைக் கொடுப்பேன்."

அவள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். ஆட்டுக்கறிச் சோறு, கோழிப் பொரியல், கடைசியில் கேக்கும் ஐஸ்கிரீமும். அவள் நாத்தனார் பந்தியில் எதிரே உட்கார்ந்து இவள் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை சோறு வந்தபோது, "அவளுக்கு வைக்காதீக, அவளுக்குச் சர்க்கரை" என்று பரிமாறுகிறவனிடம் சத்தமாகச் சொன்னாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சொன்னது என்னை அல்ல, அப்படியும் என் கை இலையிலிருந்து எழுந்துவிட்டது.

இவள் எழவில்லை. "வையி மக்கா" என்றாள் பரிமாறுகிறவனிடம். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "மயினி, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க. நான் கடக்கரைக்கு நடந்து போயிட்டு வந்து கூழு குடிப்பேன். அதையும் இந்த மாதிரி எதிர்ல உக்காந்து பாருங்க. இதை மட்டும் பாத்தா எப்படி?" என்றாள்.

மயினி போகவில்லை. நான் போனேன். சொன்ன மாதிரியே நடந்துவிட்டு வந்து, குசினியில் அடுப்புப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கும்பா கூழைக் குடித்தாள். நேற்றைய சோற்றைப் பற்றி ஒரு வருத்தமும் அவளிடம் இல்லை. "ஆட்டுக்கறி நல்லாத்தான் வெந்திருந்துச்சி, என்ன?" என்றாள்.

இப்படி எழுதிக்கொண்டு போனால் அவள் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்வதாக ஆகிவிடும். அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு கிறிஸ்துமசுக்கு அவளுக்கு அடுத்த வேளை வரவே இல்லை. கேக், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, மகள் கொச்சியிலிருந்து கொண்டுவந்த அல்வா. நாலு நாள் தொடர்ந்து தின்றாள். புதுச் செருப்பு கடித்த புண் இடது காலில் இருந்தது, அதைக் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாள் கால் வீங்கி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனபோது எனக்கு அவள் மேல் கோபமாக இருந்தது. பயந்துதான் கோபம். கட்டிலைச் சுற்றி நாத்தனார், மகள், இன்னும் யார் யாரோ. ஆளுக்கொரு புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகள் அழுதாள். இவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஆமா, நாலு நாள் தின்னேன். நான்தான் தின்னேன், என் விரல்தான் போச்சி. இன்னும் ஒம்பது இருக்கு. எல்லாரும் அழுது முடிச்சாச்சின்னா அந்தத் தூக்குவாளியை எடுங்க. பசிக்கி."

வாளியில் நான் கொண்டுபோன கூழ் இருந்தது. கொஞ்சம் கட்டி தட்டியிருந்தது. அதற்கும் என்னை ஏசினாள்.

புண் ஆறிய மறுவாரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வரிசைக்கு வந்தாள். "இது எத்தனாவது தடவை ஆச்சி?" என்று சிஸ்டர் கேட்டார். "எண்ணுறது உங்க வேலை. நான் எண்ணுறதில்ல" என்றாள்.

இனி என் கண்ணுக்கு வருகிறேன்.

உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். வெயில் உப்பில் பட்டு முகத்தில் அடிக்கிறதைப் பார்த்துப் பார்த்து இரண்டு கண்ணும் முதலிலேயே மங்கல். அதன் மேல் சர்க்கரை. அதன் மேல் புரை. ஒரு கட்டத்தில் எல்லாமே சோற்றுத் தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. மீனில் முள் எடுக்கிற வேலையை மருமகள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர் தெரியாமல் போனதுதான் என்னால் தாங்க முடியாதது. தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். எனக்கு அது சாவு மாதிரி. ஒருநாள் தெற்கே போக வேண்டியவள், கேட்க வெட்கப்பட்டு வடக்கே போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். கீழவைப்பார் பக்கம் வந்த பிறகுதான் கடல் இடது கைப் பக்கம் இல்லாமல் வலது கைப் பக்கம் இருப்பது தெரிந்தது. இறங்கி, திரும்பி வருகிற பஸ்ஸுக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் யாரையும் கேட்கவில்லை.

கண் முகாமில் பார்த்து, வலது கண்ணுக்கு ஆபரேஷன் நாள் குறித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அதற்கு நாலு நாள் முன்னால் வருகிற முதல் செவ்வாய்க்கிழமை சர்க்கரை அவர்கள் சொன்ன அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணைத் தொட மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து உடன்குடியில் என் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். பிறந்த ஊர். மூன்று நாள் இருந்தேன். பரிமாறுகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போதும் வாய் வராது. வைத்ததையெல்லாம் தின்றேன். அது வெட்கத்தினால் என்று சொல்லலாம். வரும்போது செய்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது. கடைத்தெருவில் கருப்பட்டி மிட்டாய் அரைக்கிலோ வாங்கி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, முந்தானைக்குள் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, தூத்துக்குடி வருவதற்குள் ஒன்று பாக்கி இல்லாமல் தின்றேன். விரல் பிசுபிசுப்பைச் சீலையில் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. பட்டினி கிடந்தேன். மருமகள் கேட்டால் விரதம் என்றேன். விடியற்காலையும் சாயந்தரமும் கருப்பட்டிக் காப்பி மட்டும் குடித்தேன். அது சாப்பாடு இல்லையே. எங்கள் ஊர்ப்பக்கம் கருப்பட்டி சர்க்கரை வியாதிக்கு ஒன்றும் செய்யாது என்பார்கள், அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கும் ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் போனேன்.

"வெறும் வயிறுதானே?"

"ஆமா சிஸ்டர்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

முன்னூற்றுச் சொச்சம். ஆபரேஷன் அடுத்த மாத முகாமுக்குத் தள்ளிப்போனது. ஒன்றும் சாப்பிடாமலே இவ்வளவா என்று டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னதை வைத்துத்தானே அவர் பார்க்க முடியும். அவள் அந்த மாதம் எனக்குப் பின்னால் ஏழாவது ஆளாக உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பெரிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினியையும் விடவில்லை. இந்தத் தடவை தோற்கக் கூடாதென்று காப்பியைக்கூட நிறுத்தினேன். மூன்றாம் நாள் காலை தெருக்குழாயில் குடத்தைத் தூக்கும்போது கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். நடந்து திரும்பிக்கொண்டிருந்த அவள்தான் பார்த்திருக்கிறாள். தாடையைப் பிடித்து வாயைத் திறந்து எதையோ கொட்டினாள். இனித்தது. அவள் சுருக்குப்பையில் எப்போதும் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கும். "இது திங்கிறதுக்கு இல்ல, பிழைக்கிறதுக்கு" என்று முன்பு ஒருமுறை காட்டியிருக்கிறாள்.

தெளிந்ததும் குழாயடியிலேயே விசாரணை.

"காலைல என்ன தின்ன?"

"ஒண்ணுமில்ல எக்கா."

"நேத்து ராத்திரி?"

"ஒண்ணுமில்ல."

"மாத்திரை?"

"போட்டேன்."

"ஏளா, உனக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? பட்டினி கெடந்து மாத்திரையைப் போட்டா செத்துல்லா போவ?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கல்யாணம், பந்தி, பஸ், முந்தானை, எல்லாவற்றையும் சொன்னேன். மகனிடம் சொல்லாததை, சாமியிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அரைக்கிலோவுமா?" என்றாள்.

"அரைக்கிலோவும்."

"உடன்குடி மிட்டாயி. எனக்கு ஒண்ணு மிச்சம் வைக்கணும்னு தோணல, பாத்தியா?"

அழுகிறதா சிரிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"சரி, அஞ்சு நாள் பட்டினி கெடந்தும் ஏன் அம்புட்டு ஏறுச்சி? வேற என்ன உள்ள போச்சி?"

"வெறும் காப்பிதான் எக்கா. சீனி இல்ல, கருப்பட்டி."

"கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுன்னு யாரு சொன்னா?"

"எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாக."

"உங்க ஊர்ல அதை விக்காக. வேற எப்படிச் சொல்லுவாக?"

பிறகு அவள் சிரிக்கவில்லை. "நீ தின்னதுக்கு நான் ஒரு வார்த்தை ஏச மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்ல. தின்னலன்னு சொன்னியே, அதுக்குத்தான் இந்த ஏச்சு. மஞ்சளு விழுந்த சட்டியை அடிச்சிக்கிட்டே இருக்க நீ. எந்திரி. டாக்டரம்மாட்ட போய்ச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க எக்கா."

"என் வாயி என் கதையைச் சொல்லத்தான் சரியா இருக்கு."

அன்றைக்கே போனோம். கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மா காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். வெளியே பெஞ்சில் அவள் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அதன் பிறகு ஒரு மாதம் அவள் வீட்டுக் குசினியில்தான் என் காலைச் சாப்பாடு. எனக்குப் புத்தி சொல்லவெல்லாம் அவளுக்குப் பொறுமை கிடையாது. தனியாகக் குடிக்கப் பிடிக்காமல்தான் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன். கூழ், மோர், சுட்ட நெத்திலிக் கருவாடு. மூன்று வேளையும் தவறாமல் சாப்பிட்டேன். அவள் இடையில் இரண்டு தடவை பரோட்டாக் கடைக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் என்னோடு கூழ் குடித்தாள்.

அந்த மாதக் கடைசியில் அவள் மகள் கொச்சியிலிருந்து வந்து அவளைக் கூட்டிப்போக நாள் குறித்துவிட்டாள். ஒற்றைக்காரியாக இருந்தால் தின்றுகொண்டே இருப்பாள், தன் கண் முன்னால் இருக்கட்டும் என்பது மகளின் கட்சி. நான் வருத்தப்பட்டேன். அவள், "அங்கயும் பரோட்டா இருக்காம். விசாரிச்சிட்டேன்" என்றாள்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை பரிசோதனை. அவளுக்குத் திங்கட்கிழமைப் பயணம். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். பழைய பேக்கரிக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாளாம். அங்கே கொடுத்த மக்ரூன். அவள் அதைத் தின்று நான் பார்த்ததே இல்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "நல்லாத்தான் அடிச்சிருக்காக" என்றாள். இன்னொன்று எடுத்தாள். எனக்கு நீட்டினாள். எனக்குச் செவ்வாய்க்கிழமை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். பொட்டலம் காலியாகிற வரைக்கும் உட்கார்ந்து பேசினோம். நான் ஏழு தின்றேன்.

போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் பட்டினி கெடந்தேன்னு தெரிஞ்சிச்சோ, கொச்சில இருந்து வந்து அடிப்பேன்" என்றாள்.

திங்கட்கிழமை கை பானைக்குப் போக மறுத்தது. ஏழு மக்ரூன் தின்றாகிவிட்டது. கண் போய்விட்டது, இனி ஆயுசுக்கும் பஸ் நிறுத்தத்தில் நின்று யாரையாவது கேட்க வேண்டியதுதான் என்று தோன்றியது. பட்டினி கிடந்தால் ஒருவேளை தப்பிக்கலாம். அடுப்பைப் பற்ற வைத்தேன். காலையில் கூழ். மத்தியானம் ஒரு அகப்பை சோறு, கீரை. இரவு கூழ். கருப்பட்டி டப்பாவை மருமகளிடம் கொடுத்து மேல்தட்டில் வைக்கச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பேர் இருந்தார்கள். அவள் இல்லை. சிஸ்டர் விரலில் குத்தினார். அளவு வருவதற்கு முன்னாலேயே வழக்கம்போலக் கேட்டார்.

"என்ன ஆச்சி சாப்பிட்டீங்க? ஒண்ணுமில்லையா?"

பாதி எழுதியே விட்டார் போல, பேனா நோட்டின் மேல் இருந்தது. ஒரு லாரி போனது. அது போகிற வரைக்கும் பொறுத்தேன், இல்லாவிட்டால் கேட்காது. கேட்காமல் போனால் மறுபடி சொல்ல என்னால் ஆகாது.

"ஞாயித்துக்கிழமை மக்ரூன் தின்னேன் சிஸ்டர்."

"எத்தனை?"

"ஏழு."

"ஏழா?"

"சின்னது."

பின்னால் சிரித்தார்கள். காது இரண்டும் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் இன்னும் பாதிதான் சொல்லியிருந்தேன்.

"நேத்துக் காலைல கேப்பைக்கூழு. மத்தியானம் சோறு ஒரு அகப்பை, கீரை. ராத்திரி கூழு. காப்பி குடிக்கல. ரெண்டையும் எழுதுங்க."

சிஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாது. குனிந்து எழுதினார். நேரம் எடுத்து எழுதினார். பிறகு மிஷினைப் பார்த்து, "போங்க ஆச்சி, கண்ணுக்குப் போகலாம்" என்றார். சொன்ன அளவுக்குக் கீழேதான் இருந்தது. ரொம்பக் கீழே என்று சொல்ல மாட்டேன்.

கட்டவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, கண்ணாடியையும் கழற்றலாம் என்று சொன்ன அன்றைக்கு நான் முதலில் எடுத்தது சர்க்கரை நோட்டைத்தான். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பக்கத்தைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. மூன்று வருஷமாக நான் ஒன்றுமே தின்னவில்லை. அந்த நோட்டை நம்பினால் நான் எப்போதோ செத்திருக்க வேண்டும்.

கடைசி வரியில் மட்டும் கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு ஏறியிருந்தது. நுணுக்கி எழுதியிருந்தார். 'ஞாயிறு மக்ரூன் 7 (சிறியது). திங்கள் கூழ், சோறு, கீரை, கூழ்.'

எக்காவுக்குப் போன் போட்டு அதை வாசித்துக் காட்டினேன். "சிறியதுன்னுமா எழுதியிருக்கா?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்புக்கு எனக்குக் காது வலித்தது. அதற்குப் பிறகு நாலு வருஷம் அங்கே இருந்தாள். தின்றாள், கூழ் குடித்தாள், தின்றாள், கூழ் குடித்தாள். எழுபத்தெட்டாவது வயதில் ஒரு மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று அவள் மகளிடம் கேட்டேன். கூழ் என்றாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்த வரிசைக்குப் போவேன். தின்றே செத்தாள் என்று சொன்னவளும் வருவாள். சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு சடங்கு வீடு, இரண்டு லட்டும் ஒரு கரண்டி பாயசமும் தின்றேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கூழ். சிஸ்டர் கேட்கும்போது அவளுக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வேன். லாரி போனால் பொறுத்துச் சொல்வேன்.